நாலு சுரத்துக்கு ஒரு வாரியம்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வெள்ளைச்சாமிக்குத் தொண்டை போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இருபத்தேழு வருஷம் மைக்கில் கத்தியவர். கடைசியில் அவர் குரலில் மிஞ்சியது ‘கோட்டை’ மட்டும்தான். அங்கிருந்து புதுக்கோட்டைக்கும் பஸ் போகிறது, பட்டுக்கோட்டைக்கும் போகிறது, கோட்டைப்பட்டினத்துக்கும் போகிறது. “...கோட்டை வண்டி பொறப்படுது” என்று அவர் சொன்னதும் மூன்று ஊர் ஜனங்களும் மூட்டை முடிச்சோடு மூன்று திக்கில் ஓடுவார்கள். பாதிப் பேர் போக வேண்டிய ஊருக்குப் போனார்கள். மீதிப் பேருக்கும் ஏதோ ஒரு ஊர் கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாற்போல் தையல்கடை மாடியில் ஆஃபியா ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருந்தாள். பழைய மெத்தைகளைக் கிழித்துச் சுவரில் ஒட்டிய அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், முழ நீளத்துக்கு ஒரு கீபோர்டு. ஆட்டோவில் கட்டிப் போகிற விளம்பரங்கள் எல்லாம் அங்கேதான் பிறந்தன. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, மீன்கடைத் திறப்பு விழா, ஒருமுறை காணாமல் போன ஜமுனாபாரி ஆட்டுக்கு ஒரு அறிவிப்பு. பாட்டுப் போடுகிற சாஃப்ட்வேரை வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொண்டவள் அவள். புருஷன் அஜ்மல் சார்ஜாவில். மாமியார் ரஹீமா பீவி கூட இருந்தார்.

வெள்ளைச்சாமி மூச்சு வாங்க மாடியேறி வந்து, எழுதிக் காட்டித்தான் விஷயத்தைச் சொன்னார். எல்லா ஊருக்கும் அறிவிப்பு பதிந்து கொடுக்க வேண்டும். தான் பொத்தானை மட்டும் அமுக்கிவிடுவார்.

“யாரு குரல்ல பதியுறது அண்ணே?” என்றாள் ஆஃபியா.

அந்த நேரம் பார்த்து ரஹீமா பீவி ஜன்னல் வழியாகக் கீழே தேங்காய்க்காரனைக் கூப்பிட்டார். தேங்காய்க்காரன் திரும்பினான். அவனோடு டீக்கடைக்காரரும், நாலு கண்டக்டர்களும், நகர இருந்த மணமேல்குடி பஸ்ஸும் நின்றார்கள். வெள்ளைச்சாமி ரஹீமா பீவியைக் கையால் காட்டினார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்பதில் அந்தக் கனிவுதான் ரஹீமா பீவிக்கு வரவில்லை. பதினாலு தடவை பதிந்தார்கள். பதினைந்தாவதில் வந்தது. அதற்கு முன்னால் ஜனங்களை நிமிர்ந்து பார்க்க வைக்க ஒரு சின்ன ஓசை வேண்டுமென்று ஆஃபியாவுக்குத் தோன்றியது. மணி வைத்தால் கோயிலா சர்ச்சா என்று கேட்பார்கள். சங்கு ஊதினால் மில்லுக்குப் போகிறவர்கள் ஓடுவார்கள். குழல் ஓசையைத் தேர்ந்தெடுத்துக் கீபோர்டில் விரல் போன போக்கில் நாலு சுரம் வாசித்தாள். ரெண்டு சுரம் கீழே, மூன்றாவது ஒன்று மேலே ஏறிக் கொஞ்சம் நின்று, நாலாவது சாவகாசமாகக் கீழே வந்து உட்கார்ந்தது. நாலு செகண்டுகூட இல்லை.

அந்த நாலு செகண்டு ஊருக்குப் பிடித்துப் போனது. இருபத்து மூன்று நாள் யாரும் தப்பான பஸ்ஸில் ஏறவில்லை. கண் தெரியாத கடலை வியாபாரி ஆண்டிச்சாமி, குழல் கேட்டதும் கூடையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஆவுடையார்கோவில் பஸ் என்று ரஹீமா பீவி சொல்லி முடிப்பதற்குள் படியில் கால் வைத்திருப்பார். சந்தோஷம் தாங்காமல் யாரோ ஒரு பயணி இதைப் பாராட்டி, புதுக்கோட்டையில் உள்ள பொதுக் கீத வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார்.

அப்படியொரு வாரியம் இருப்பதே அதுவரை அந்தப் பயணியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வாரியத்தில் பாராட்டுக்குத் தனிக் கோப்பு கிடையாது. ஆகவே கடிதம் புகார்க் கோப்பில் சேர்ந்தது. பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது.

“விதி 7(ஆ)-வின்படி பொது இடத்தில் நான்கும் அதற்கு மேற்பட்ட சுரங்களும் தொடர்ந்து ஒலிப்பின் அது கீதம் எனக் கொள்ளப்படும். மேற்படி கீதத்தின் எழுத்து வடிவக் குறிப்பைச் சமர்ப்பித்து ஒப்புதல் பெறும் வரை, கீதத்தையும் அதைச் சார்ந்து வரும் பேச்சையும் நிறுத்தி வைக்க வேண்டியது.”

வெள்ளைச்சாமி ஓய்வு பெற எட்டு மாசம் இருந்தது. நோட்டீசைப் படித்து முடிக்கு முன்னே மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

ஆஃபியா வாரியத்துக்குப் போன் போட்டாள். “நாலு சுரம்தானே சார் பிரச்சினை? ஒண்ணைக் கொறைச்சு மூணாக்கிடுறேன்.”

எதிர்முனையில் கண்காணிப்பாளர் வெற்றிசெல்வன் பொறுமையாக விளக்கினார். “அது முடியாதும்மா. நாலுன்னு பதிவேட்டுல ஏறிடுச்சு. இப்ப மூணு இருந்தா ஒண்ணு காணாமப் போச்சுன்னு அர்த்தம். போலீஸ்ல எழுதிக் குடுத்து, கண்டுபிடிக்க முடியலைன்னு அவங்ககிட்ட சான்று வாங்கிட்டு வரணும். நீங்க பேசாம குறிப்பு எழுதிக் கொண்டாந்துடுங்க.”

சுரத்தை எழுதுவது எப்படி என்று ஆஃபியாவுக்குத் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் சாஃப்ட்வேரில் செங்கல் செங்கலாக அடுக்கியிருக்கும் பச்சைக் கட்டங்கள்தான். சாஃப்ட்வேரைத் துழாவியபோது ‘நொட்டேஷன்’ என்று ஒரு தாவல் கண்ணில் பட்டது. அமுக்கினாள். கட்டங்கள் மறைந்து, அஞ்சு கோடு விழுந்து, அதன்மேல் தலைப்பிரட்டைகள் வந்து உட்கார்ந்தன.

ஆனால் நாலு இல்லை. பதினேழு. ஒவ்வொன்றுக்கும் கொக்கி, புள்ளி, வளைகோடு, நடுவில் நண்டுக்கால் மாதிரி ஏதேதோ. விசாரித்ததில் தெரிந்தது இது: அவள் விரல் மயிரிழை தாமதமாக விழுந்திருந்தது. மனுஷக் காதுக்கு அந்தத் தாமதம் அழகு. கம்ப்யூட்டரோ நேர்மையானது, அவள் தாமதித்த ஒவ்வொரு இம்மியையும் எழுதி வைத்திருந்தது. பிசகைத் தாளத்துக்கு நேராக்குகிற ‘குவாண்டைஸ்’ பொத்தானை அமுக்கியதும் கொக்கிகள் உதிர்ந்து, நாலு சுரமும், மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே ஒரு சின்ன நெளிகோடும் மட்டும் மிஞ்சின.

வாசித்துக் காட்டினாள். ரஹீமா பீவி உதட்டைப் பிதுக்கினார்.

“முன்ன நல்லா இருந்துச்சுல்ல? இப்ப என்னமோ ஸ்கூல் புள்ளையள அட்டென்ஷன்ல நிறுத்துன மாதிரி இருக்கு.”

“ஆபீசுக்குப் போறது மாமி. அப்படித்தான் நிக்கணும்.”

வாரியத்தின் மண்டல அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. வாசலில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஸ்பீக்கரோ, ரேடியோவோ, ஒரு சுருதிப் பெட்டியோ கிடையாது. பீரோக்கள் இருந்தன. கண்காணிப்பாளர் வெற்றிசெல்வன் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாஃப்ட்வேர் அதன் வழக்கப்படி ஓரத்தில் சில இங்கிலீஷ் வார்த்தைகளையும் அச்சடித்துக் கொடுத்திருந்தது.

“டைம் சிக்னேச்சர்னு போட்டிருக்கே. யாரு சிக்னேச்சர்?”

“அது கையெழுத்து இல்லைங்க சார். தாளக் கணக்கு. நாலுக்கு நாலு.”

“நாலு பேர் போட வேண்டிய எடத்துல நாலு பேரும் போட்டாச்சுங்கிறீங்க. எங்க காணோம்?” பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “சிக்னேச்சர்னு எழுதியிருந்தா கெசட்டட் ஆபீசர் சான்றொப்பம் வேணும். வாங்கிட்டு வாங்க. இது என்ன குத்துக்கோடு?”

“பார் லைன் சார்.”

வெற்றிசெல்வன் பேனாவைக் கீழே வைத்தார். “பஸ் ஸ்டாண்டுக்குள்ள பாரா?”

“ஒவ்வொரு பார்லயும் நாலு பீட் வரும், அந்த—”

“எத்தனை பார்?”

“ரெண்டு சார்.”

“ஆண்டவா. லேடீஸ், ஸ்டூடண்ட்ஸ் வந்து போற எடம்மா. ரெண்டையும் எடுத்துடுங்க. நான் பார்க்கலைன்னு வச்சுக்கிறேன்.”

கெசட்டட் ஆபீசர் என்று ஆஃபியாவுக்கு உடனே கைக்கெட்டியவர் கால்நடை மருத்துவர் ஷர்லி ஒருவர்தான். மருத்துவமனை வாசலில் உதவியாளர் தடுத்தார்.

“நாலு சுரத்துக்கு ஒரு கையெழுத்து வேணும்ணே.”

“நாலுக்குமா சுரம்? ஆடா மாடா? கொண்டாந்திருக்கீங்களா?”

டாக்டர் ஷர்லி ஆவூர்க்காரர். அங்கே சர்ச் பாடகர் குழுவில் பன்னிரண்டு வருஷம் பாடியவர். ஒரு எருமைக்கு ஊசி போட்டுவிட்டுக் கை துடைத்தபடி காகிதத்தைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நாலு சுரத்தையும் முனகினார். ஒரு பிசகு இல்லை. ஆஃபியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் தலைப்பிரட்டைகளை ஒருவர் பார்த்த மாத்திரத்தில் பாடியது அதுதான் முதல் தடவை.

“நல்லா இருக்கு. கடைசிச் சுரத்துக்கு முன்ன ஒரு மூச்சு விட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் அழகே. அதுக்கு ஏன் என் கையெழுத்து?”

“அதைச் சொன்னா புரியாது டாக்டர்” என்றாள் ஆஃபியா. ஷர்லி மேற்கொண்டு கேட்கவில்லை. அவரும் அரசாங்க ஊழியர்.

இரண்டாவது தடவை கோப்பு மண்டல அலுவலர் பிரகதீஸ்வரி மேஜைக்குப் போனது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“ஸ்டாஃப் எத்தனை?”

“ஒண்ணுதான் மேடம். அந்த அஞ்சு கோட்டுக்குப் பேருதான் ஸ்டாஃப்.”

“ஒரே ஸ்டாஃப். சரி. இந்த நெளிவு என்ன?”

“ரெஸ்ட் மேடம். அந்த எடத்துல ஒரு வினாடி சத்தம் வராது.”

பிரகதீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“இருக்கிறதே ஒரு ஸ்டாஃப். மொத்த வேலையே நாலு செகண்டு. அதுலயும் ரெஸ்டா? இங்க பாரும்மா, நான் பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ரெஸ்ட் எடுத்ததை ஒரு நாளாவது பேப்பர்ல காட்டியிருப்பேனா? வெற்றிசெல்வன் சார், நீங்க காட்டியிருக்கீங்களா?”

“சத்தியமா இல்லைங்க மேடம்.”

“எடுக்கிறது வேற. எழுதுறது வேற. எழுதக் கூடாது.”

ஆஃபியா கைபேசியை எடுத்தாள். “மேடம், ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன். நாலே செகண்டு. கேட்டீங்கன்னா அந்த எடம் ஏன் சும்மா இருக்குன்னு ஒங்களுக்கே தெரியும்.”

அறையில் இருந்த அஞ்சாறு பேரும் பேனாவை நிறுத்தினார்கள். பிரகதீஸ்வரி மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“இங்க கேக்குற வழக்கம் இல்லம்மா. கேட்டா பிடிக்குது, பிடிக்கலைன்னு ஒரு எண்ணம் வரும். அந்த எண்ணத்துக்கு விதியில எடம் கெடையாது. போன வருஷம் ஒரு தற்காலிக ஊழியர் கேட்டுட்டாரு. தாளம் போட்டாரு. இப்ப அவரு இங்க இல்ல.”

இதற்கிடையில் அறந்தாங்கியில் வெள்ளைச்சாமி மறுபடி மைக்கைப் பிடித்திருந்தார். மறுபடி ‘கோட்டை’ மட்டும் கேட்டது. மீமிசல் கல்யாணத்துக்குக் கிளம்பிய பதினோரு பேர் ஆலங்குடிப் பக்கம் வேறொரு கல்யாணத்தில் இறங்கி, சாப்பிட்டு, மணமக்களோடு போட்டோவும் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். பாயசம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆண்டிச்சாமியை யாரோ கைபிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அது மணமேல்குடி பஸ்.

மூன்றாவது தடவை, திருத்தங்களை அங்கேயே செய்து முடித்துவிடலாம் என்று ஆஃபியா லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போனாள். சத்தத்தை மட்டும் அணைத்து வைக்கச் சொன்னார்கள். அலுவலர் மேஜையில் வைத்துத் திறந்ததும் ஊழியர்கள் எல்லாரும் நாற்காலிக்குப் பின்னால் வந்து கூடிவிட்டார்கள். பார் இல்லை. ரெஸ்ட் இல்லை. நாலு சுரம் மட்டும்.

“மூணாவது ஆள் மட்டும் மேலே நிக்கிறாரே?” என்றார் பிரகதீஸ்வரி.

“அது உச்ச சுரம் மேடம்.”

“முதல்ல வந்தவரு கீழே இருக்காரு. ரெண்டாவதா வந்தவரும் கீழே. மூணாவதா வந்தவரை எப்படி மேலே போட்டீங்க? சீனியாரிட்டி லிஸ்ட் இருக்கா? நாளைக்கு மொதல் ஆள் கோர்ட்டுக்குப் போனா நான்தானே பதில் சொல்லணும்?”

“வாலையும் கவனிங்க மேடம்” என்றார் வெற்றிசெல்வன். “மூணு பேருக்கு வால் மேல்நோக்கி இருக்கு. மேல இருக்கவருக்கு மட்டும் வால் கீழ்நோக்கி.”

“நடுக்கோட்டுக்கு மேல போனா சாஃப்ட்வேரே அப்படிப் போட்டுடும் சார். பார்க்க அழகா இருக்கணும்னு.”

“மேல போனதும் வால் திரும்பிக்கும்னு சொல்றீங்க.” பிரகதீஸ்வரி ஏனோ பக்கத்து அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “அது எல்லா எடத்துலயும் நடக்கிறதுதான். ஆனா நம்ம ஆவணத்துல வேணாம்.”

வெற்றிசெல்வன் மர ஸ்கேல் ஒன்றை எடுத்து லேப்டாப் திரைமேல் வைத்தார். “எல்லாரையும் இந்த லெவலுக்குக் கொண்டாங்க.” ஆஃபியா ஒவ்வொரு சுரமாக இழுத்து ஸ்கேலுக்குக் கீழே நிறுத்தினாள். இப்போது நாலும் ஒரே கோட்டில், ஒரே உயரத்தில், ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றன. வெற்றிசெல்வனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மௌஸைத் தானே வாங்கிப் படம் போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றைத் தட்டியதும் முதல் சுரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு வளைகோடு விழுந்தது.

“இது என்னம்மா?”

“டை சார். ரெண்டையும் ஒண்ணாக் கட்டிப் போடும். நடுவுல விடாம ஒரே மூச்சா இழுக்கும்.”

“மேடம், பாருங்க! கை கோத்துக்கிட்டாங்க!”

நாலையும் கட்டினார்கள். பிரகதீஸ்வரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு ஊழியர்கள் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது.

“இந்த வாரியத்துக்குள்ள நுழையுறப்ப இந்தக் கீதம் எப்படி இருந்துச்சு? ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, நடுவுல ஒருத்தர் தூக்கம். இப்ப பாருங்க. யாரும் யாருக்கும் மேல இல்ல. கீழ இல்ல. யாரும் ஓய்வெடுக்கல. யாரும் தனியா இல்ல. இசைன்னு ஒண்ணு இடைஞ்சல் பண்ணாம இருந்தா ஒரு கீதத்தை எவ்வளவு தூரம் கொண்டு வரலாம்ங்கிறதுக்கு இது ஒரு சாட்சி.”

கைதட்டினார்கள். சத்தம் வராமல் தட்டினார்கள்; வாசலில் எழுதியிருந்தது அல்லவா. காகிதம் அச்சாகி, ஏழு முத்திரை விழுந்து, கண்ணாடிச் சட்டத்தில் ஏறியது. திங்கட்கிழமை காலை ஆறு மணி முதல் ஒப்புதல் பெற்ற வடிவத்தை மட்டுமே ஒலிக்க வேண்டும் என்று உத்தரவு.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வெள்ளைச்சாமி பொத்தானை அமுக்கினார்.

“பேஏஏஏஏஏ...”

நாலு சுரமும் ஒற்றுமையாக எழுந்தன. அது கேட்பதற்கு அசல் பஸ் ஹாரன். ஜனங்கள் இரண்டு பக்கமும் சிதறி வழிவிட்டார்கள். பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறான் என்று நினைத்து பட்டுக்கோட்டை டிரைவர் பதிலுக்கு அடித்தார். அவரைத் திட்டிப் பேராவூரணி அடித்தது. காரைக்குடி வண்டியில் ஏர் ஹாரன். இந்தக் கலாட்டாவில் ரஹீமா பீவி கனிவாகச் சொன்ன ஊர்ப் பெயர் எதுவும் ஒருவர் காதிலும் விழவில்லை. ஹாரன் ஓய்வதற்குள் அடுத்த அறிவிப்புக்கு நேரமாகிவிட்டது. வெள்ளைச்சாமி மறுபடி அமுக்கினார். அவர் என்ன செய்வார், உத்தரவு.

பத்து மணி சுமாருக்கு ஆண்டிச்சாமி கைப்பிடியைத் தடவிக்கொண்டு தையல்கடை மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

“தங்கச்சி, அந்தக் குழலை ஏன் எடுத்துட்டீங்க?”

ஆஃபியா நடந்ததைச் சொன்னாள். ஸ்டாஃப், ரெஸ்ட், பார், சீனியாரிட்டி எல்லாம். அவர் சிரிக்கவில்லை.

“எனக்கு அதெல்லாம் வெளங்காது. முப்பது வருஷமா இந்த பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். தெனமும் நாலு பேர்ட்ட ‘இது எங்க போற வண்டி’ன்னு கேக்கணும். சில பேரு சொல்வாக. சில பேரு வெளாட்டுக்கு மாத்திச் சொல்வாக. இருவத்து மூணு நாளு ஒருத்தர்ட்டயும் கேக்காம ஏறுனேன் தாயி. அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு, கூடையில் கை விட்டு ரெண்டு பொட்டலம் கடலையை மேஜைமேல் வைத்து, வந்த மாதிரியே இறங்கிப் போய்விட்டார். ரஹீமா பீவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஆபீஸ்ல இடி விழ” என்றார். அதில் கனிவு ஒரு துளியும் இல்லை.

ஆஃபியா கண்ணாடிச் சட்டத்தில் இருந்த நகலை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உயரம் எழுதியிருந்தது. கட்டு எழுதியிருந்தது. ஸ்டாஃப் ஒன்று. சான்றொப்பம், முத்திரை ஏழு. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். வேகம் எழுதவில்லை. இந்தக் கீதத்தை எவ்வளவு வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று வாரியத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. காதால் கேட்டுப் பார்த்திருந்தால்தானே அது தோன்றும்!

சாஃப்ட்வேரில் வேகத்துக்கு ஒரு எண் இருக்கிறது. அதைப் பிடித்து மேலே தள்ளினாள், அதற்குமேல் போகாது என்று நிற்கிற மட்டும். எழுத்து வடிவத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நாலு சுரமும் அதே கோட்டில், அதே கையைக் கோத்தபடி நின்றன. வாசிக்கச் சொன்னாள்.

“டுக்.”

“என்ன புள்ள, மைக்குல எதுவும் விழுந்துடுச்சா?” என்றார் ரஹீமா பீவி.

“அதுதான் மாமி கீதம். முழுசா முடிஞ்சுடுச்சு. வாங்க, புதுசா ஒரு தடவை அறிவிப்பு பதிஞ்சிடுவோம்.”

ரஹீமா பீவி மைக்குக்கு முன்னால் வந்து, வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்தார். ஒரு மாசமாக அந்த நாலு சுரம் வீட்டில் சமையல்கட்டு வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. கனைப்பும் தானாக அதே மெட்டில் வந்தது. “ஹ்ம்... ஹ்ம்... ஹூஉம்” என்று மேலே போய், ஒரு மூச்சு விட்டு, “...ஹ்ம்” என்று கீழே வந்து உட்கார்ந்தது. பிறகு, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

ஒவ்வொரு பதிவிலும் கனைப்பை வெட்டி எறிவது ஆஃபியாவின் வழக்கம். கத்தரிக்கோல் பொத்தான்மேல் விரல் போனது. போன விரல் நின்றது. மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அவளைப் பார்த்தார்.

“இன்னுங் கொஞ்சம் சத்தமா கனைங்க மாமி” என்றாள் ஆஃபியா.

ஒன்பது நாள் கழித்து வாரியம் நேரில் வந்தது. கீதம் ஒப்புதல்படி ஒலிக்கிறதா என்று ஆய்வு. ஜீப் பழுதில் இருந்ததால் பிரகதீஸ்வரியும் வெற்றிசெல்வனும் பஸ்ஸில்தான் வந்து இறங்கினார்கள். டைம் கீப்பர் அறைக்குள் நுழைந்து, சுவரில் மாட்டியிருந்த நகலையும் தாங்கள் கொண்டுவந்த மூலத்தையும் வரி வரியாக ஒப்பிட்டார்கள். முத்திரைகளை எண்ணினார்கள். வெள்ளைச்சாமிக்கு வேர்த்து ஊற்றியது. ஆஃபியாவும் ரஹீமா பீவியும் கதவோரம் நின்றார்கள்.

நேரமாகிவிட்டது. வெள்ளைச்சாமி பொத்தானை அமுக்கினார்.

“டுக்.” பிறகு, “ஹ்ம்... ஹ்ம்... ஹூஉம்... ஹ்ம்.” பிறகு ஆவுடையார்கோவில் பஸ்.

“ஏதோ டுக்குன்னு கேட்டுச்சே?” என்றார் பிரகதீஸ்வரி.

“அதுதான் மேடம் கீதம்.”

“நாலும் இருக்கா?”

“நாலும் இருக்கு மேடம். அவ்வளவு ஒற்றுமை. பிரிச்சுச் சொல்லவே முடியாது. நீங்க ஒப்புதல் குடுத்த பேப்பரும் கம்ப்யூட்டர்ல இருக்கிறதும் ஒண்ணுதான். பாருங்க.” லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். வெற்றிசெல்வன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

“அதுக்கப்புறம் ஒரு மாதிரி வந்துச்சே, ஏறி எறங்கி?”

ரஹீமா பீவி முன்னால் வந்தார். “நான்தான் கனைச்சேன். வயசாச்சுல்ல. சளி.”

பிரகதீஸ்வரி வெற்றிசெல்வன் பையிலிருந்த விதிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். புரட்டிக்கொண்டே சத்தமாக யோசித்தார்.

“கனைப்பு, இருமல், கொட்டாவி. இதெல்லாம் இயற்கை. நம்ம வரம்புல வராது. கொட்டாவியை வரம்புக்குள்ள கொண்டாந்தா முதல்ல நம்ம ஆபீசைத்தான் பூட்டணும். வெற்றிசெல்வன் சார், ஆய்வறிக்கை எழுதுங்க. கீதம் திருப்தி. கனைப்பு பற்றிக் கருத்து இல்லை.”

அறிக்கை நாலு பக்கம் வந்தது. அதை எழுதி, திருத்தி, மறுபடி எழுதுவதற்குள் வெளியே புதுக்கோட்டை பஸ்ஸுக்கு ரெண்டு தடவை அறிவிப்பு போய்விட்டது. ஜன்னலுக்கு நேர் மேலேதான் ஒலிபெருக்கி. இரண்டு பேரும் தலை நிமிரவில்லை. கடைசியில் கோப்பைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, வரிசையாக நின்ற பஸ்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். மூன்றாவது தடவையாக ஒலிபெருக்கியில் ரஹீமா பீவி கனைத்து, புதுக்கோட்டை செல்லும் பேருந்து ரெண்டாவது தடத்தில் புறப்படத் தயாராக இருப்பதாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். பிரகதீஸ்வரி கோப்பில் பக்க எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெற்றிசெல்வன் பக்கத்தில் கூடையோடு நின்ற ஆளிடம் கேட்டார். “ஏங்க, புதுக்கோட்டை பஸ் எங்கிட்டு நிக்குது?”

ஆண்டிச்சாமி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். மேலே ஒலிபெருக்கி இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் மெய்யான இரக்கம் வந்தது.

“ஒங்களுக்குக் காது கேக்காதுங்களா?”

“அப்படியெல்லாம் இல்ல. கவனிக்கல.”

“கூட நின்னு காகிதம் பொரட்டுறவுகளுக்கு?”

வெற்றிசெல்வன் பிரகதீஸ்வரியைப் பார்த்தார். அவர் இன்னும் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“பரவால்லைங்க, கூச்சப்படாதீக. எனக்கும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்துச்சு, யார்ட்டயாச்சும் கேட்டுக்கிட்டே இருக்கணும்.” ஆண்டிச்சாமி கூடையை இறக்கி வைத்தார். ஒரு கையில் கம்பும் மறு கையில் வெற்றிசெல்வனின் மணிக்கட்டுமாக, வெற்றிசெல்வனின் பையைப் பிடித்தபடி பிரகதீஸ்வரியும் பின்னால் வர, பஸ்களுக்கு இடையே புகுந்து ரெண்டாவது தடத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. படியில் ஏற்றிவிட்டு, கண்டக்டரைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“தம்பி, காது கேக்காதவுக ரெண்டு பேரு ஏறியிருக்காக. பாவம், படிச்சவுக மாதிரி தெரியுது. புதுக்கோட்டை வந்தா கூப்பிடாதீக, கேக்காது. தோளைத் தொட்டு எறக்கி விட்டுருங்க.”